அவர் பெயரை நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி, என்னைப் பஸ் ஏற்றிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தவன் என் கொழுந்தன் முனிரத்தினம். பதிமூன்று நாள் அங்கே கிடந்தேன். திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. உடம்பு தேறிவிட்டது, கோபம் தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பெண் யாராவது இதைப் படித்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் தனக்காக டாக்டரிடம் பேசுவது யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுப் பக்கமாக மூன்று மைல். ராகியும் துவரையும் விளைகிற மேட்டு நிலம். கிணற்றடியில் மட்டும் இரண்டு ஏக்கர் நல்ல மண். அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது, என் வீட்டுக்காரருக்கு எழுபது. நான் கிருஷ்ணகிரியில் ஐந்தாவது வரை படித்தவள். கடுதாசி எழுதுவேன், பத்திரம் வாசிப்பேன். எங்களுக்கு ஒரே பெண் லட்சுமி, காவேரிப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முனிரத்தினம் என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. தேன்கனிக்கோட்டையில் புளி மண்டி வைத்திருக்கிறான். இளவயதில் வெள்ளைக்காரத் துரைகளிடம் ரைட்டராக இருந்ததால் அவனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு.

இனி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் என் தப்பும் இருக்கிறது. அந்த இரண்டு மூன்று வருஷமாக என் வீட்டுக்காரருக்கு மறதி வந்துகொண்டிருந்தது. முதலில் சின்ன சின்னதாகத்தான். காலையில் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்னே, "சோறு போடலியா?" என்பார். பிறகு உழப் போனவர் மாடுகளை விட்டுவிட்டுத் தனியாக வந்தார். ஒருநாள் நுகத்தடிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருஷம் கட்டிய கயிறு. இன்னொரு நாள் அஞ்செட்டி ரோட்டில் நடந்துபோனவரை, தெரிந்த வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் நாலு பேர் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தால் நடுவில் உட்காருகிற மனுஷன் அவர். அவரைப் பார்த்து யாராவது சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சந்தைக்குப் போனால் கூடவே போனேன். யாராவது ஏதாவது கேட்டால் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். "உங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டால், "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கறாரு" என்பேன். ஊர் கண்ணில் மண்ணைத் தூவுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் பார்த்தது வேறு: புருஷனைப் பேச விடாமல், எதிலும் குறுக்கே விழுகிற ஒரு கிழவியை.

முனிரத்தினம் மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறான். நான் லட்சுமி வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள் வந்து, கிணற்றடி நிலத்தைத் தன் பேருக்கு எழுதித் தருவதாக அண்ணனிடம் ஒரு கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூலப் பத்திரம் இருந்த பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. அதைக் கேட்டு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"அவருக்கு நெனவு சரியில்ல. எதுல கையெழுத்துப் போட்டாருன்னே அவருக்குத் தெரியாது" என்று ஊர் மணியக்காரர் முன்னால் சொன்னேன்.

மணியக்காரர் நல்ல மனுஷன்தான். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னாம்மா இது, போன மாசம் கூட கல்லு மாதிரி இருக்கறாருன்னு நீதான சொன்ன?" என்றார்.

முனிரத்தினம் சத்தமே போடவில்லை. வருத்தப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "அண்ணன் நல்லாத்தாங்க இருக்கறாரு. அண்ணிக்குத்தான் ஒரு வருசமா புத்தி தடுமாறுது. சாவிய எங்க வெச்சன்னு நாளெல்லாம் தேடறாங்க. பொண்ணக் கூப்புடும்போது அக்கா பேரச் சொல்றாங்க. போன தை மாசம் கல்யாணத்துல சொந்த அத்தை மகன் பேரு வரல. வேணும்னா பெரிய டாக்டர் கிட்ட காட்டலாம்."

அவன் சொன்ன மூன்றும் உண்மை. அதுதான் என் வயிற்றெரிச்சல். சாவியைத் தேடியிருக்கிறேன், லட்சுமியை என் அக்கா பேரால் கூப்பிட்டிருக்கிறேன், அத்தை மகன் பெயர் கல்யாணப் பந்தலில் வராமல் மறுநாள் தண்ணீர் சேந்தும்போது வந்தது. மணியக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்: டாக்டர் எழுதிக் கொடுக்கிறபடி நடந்துகொள்வோம். எனக்குப் புத்தி சரியில்லை என்றால் சாவியை முனிரத்தினத்திடம் கொடுத்துவிட வேண்டும். என் சாவியும் எங்கள் நிலமும் ஒரு டாக்டரின் காகிதத்தில் வந்து நின்றன.

அந்த வாரமே கிணற்றடியில் எனக்குத் தலை சுற்றிக் கீழே விழுந்தேன். அவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மறுநாளே ஓசூர் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து பெங்களூர் பஸ் மாற்றி, அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதன் பெயரை எழுத மாட்டேன். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். "தலை சுத்தலுக்குத்தான் அண்ணி, ரெண்டு நாள்ல வந்துடலாம்" என்றான். அந்த இளநீரை நான் ருசித்துக் குடித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தது ஒரு பெரிய வேலை. நீளமான பெஞ்சுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து ஒரே இரைச்சல். ஓசூர் தாலுகா மைசூர் பக்கம் போகுமா, மெட்ராசோடேயே இருக்குமா என்று அந்த வருஷம் எல்லோருக்கும் ஒரே பேச்சு. காலில் கட்டுப் போட்ட ஒரு ஆள் அதைப் பற்றிச் சண்டையே போட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கையில் பட்டை சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கி ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள். ரத்தம் ஓடுகிற வேகத்தில் குழாய் தாங்குகிறதா என்று பார்ப்பதாம் அது. எனக்கு அதிகம் இருந்தது. தலை சுற்றியது அதனால்தான். படுக்கையில் சேர்த்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். விரலில் ரத்தம் எடுத்தார்கள், தலையை ஒரு பலகையில் வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தலை சுற்றலுக்கு வந்தவளுக்கு இத்தனை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்தேன்.

இரண்டாம் நாள் வெள்ளைக்கார டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வயசு நாற்பதுக்குள் இருக்கும். முகத்தில் இரக்கம் இருந்தது. நம் நாட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டாக்டர் கேட்பதை அவன் தமிழில் சொல்லுவான், நான் சொல்வதை அவன் இங்கிலீஷில் சொல்லுவான்.

"மூணு பேரு சொல்வாராம், கடைசியில திருப்பிச் சொல்லணுமாம் அண்ணி. மணி, குதிரை, எலுமிச்சம்பழம்."

"சரி."

"இது என்னா வருசம்னு கேக்கறாரு."

"மன்மத வருசம். ஐப்பசி பொறந்து இருவது நாள் ஆச்சு."

முனிரத்தினம் டாக்டர் பக்கம் திரும்பி, கூச்சப்படுகிறவன் மாதிரி ஏதோ சொன்னான். டாக்டர் புருவத்தை உயர்த்தி எழுதினார்.

"உங்க ஊட்டுக்காரர் பேரு என்னான்னு கேக்கறாரு."

"அத நீ சொல்லு."

"நான் சொன்னா ஆகாதாம். நீங்கதான் சொல்லணுமாம்."

"வெளையாடறியா முனிரத்தினம்? அதப் பொம்பளை வாயால சொல்றதா?"

எங்கள் பக்கத்தில் கட்டினவர் பெயரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வருகிற வாத்தியாருக்கும் அது தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போவார். பெண்டாட்டி சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று என் தாயார் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. முனிரத்தினம் என்னோடு அதே வீட்டில் வளர்ந்தவன். நான் கல்யாணமாகி வரும்போது அவன் சின்னப் பையன். அவனுக்கு நான் சோறு ஊட்டியிருக்கிறேன். அவனுக்குத் தெரியாதா?

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். டாக்டரைப் பார்த்து ஒரே ஒரு சின்ன வாக்கியம் சொன்னான். டாக்டர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் அந்த மூன்று பெயரைக் கேட்டபோது எனக்கு மணியும் எலுமிச்சம்பழமும் வந்தன. குதிரை வரவில்லை. அது மறுநாள் காலையில் பல் விளக்கும்போது தானாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரியிடம் "குதிரை" என்று சொன்னேன். அவள் பயந்து போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் எல்லோரும் என்னிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுக்காமல் வாயில் வைத்தார்கள். வாசல் பக்கம் போனால் ஆயா வந்து தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தாள். லட்சுமி காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து ஒருநாள் கூட இருந்தாள். உப்பில்லாத களியும் கீரையும் செய்துகொண்டு வந்திருந்தாள். அம்மா தனியாக உப்பில்லாமல் சாப்பிட வேண்டாம் என்று தானும் அதையே சாப்பிட்டாள். தலையை வாரிப் பின்னிவிட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் முனிரத்தினம்தான். அண்ணிக்காக எத்தனை செய்கிறான் என்று ஊரில் பேசிக்கொள்வதாக லட்சுமி சொன்னாள்.

ஐந்தாம் நாள் லீவு முடிந்து எஸ்தர் சிஸ்டர் வார்டுக்கு வந்தாள். கோலார் தங்கவயல்காரி, நம் தமிழ்தான். என் கட்டில் தலைமாட்டில் தொங்கிய கேஸ் சீட்டைப் படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு உங்களுக்கு ஞாபகம் இல்லியா?"

"ஞாபகம் இல்லாம? சொல்றதுதான் இல்ல."

எஸ்தர் சிஸ்டர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கணவன் பெயர் மறந்துவிட்டது. எந்த வருஷம் என்று கேட்டதற்கு மன்மதக் கடவுளைப் பற்றிப் பிதற்றினாள். கணவனுக்குப் புத்தி சரியில்லை என்று வீண் சந்தேகம் கொண்டிருக்கிறாள். முதுமையில் வரும் புத்தி மழுக்கம். திங்கட்கிழமை முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது, பிறகு மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பற்றி முடிவு செய்வது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபத்து மூன்று வயதில் மன்மதனை நினைத்துப் பிதற்றினேனாம். என் மரியாதையையே எனக்குப் பூட்டாகப் போட்டுவிட்டான் பாவி. இந்தப் பூட்டை இவள் சாகிற வரைக்கும் திறக்க மாட்டாள் என்று அவனுக்கு எத்தனை நிச்சயம். அவன் மட்டும் அந்த நேரம் எதிரில் நின்றிருந்தால் எச்சில் பாத்திரத்தை எடுத்து மூஞ்சியில் அடித்திருப்பேன். ரத்தக் கொதிப்பு பார்த்த சிஸ்டர் அன்றைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

கோபம் கொஞ்சம் அடங்கியதும் எஸ்தரிடம் கேட்டேன். "அந்தப் புத்தி மழுக்கம்னா என்னா? எனக்கும் சாவி மறக்குது, பேரு மறக்குதே?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "வயசானா எல்லாருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும்மா. வேகம் கொறையும். பேரு வர நேரமாகும், ஒரே நேரத்துல ரெண்டு வேல செய்யக் கஷ்டமா இருக்கும். ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு வந்துடும். சாவிய எங்க வெச்சோம்னு தேடறது அது மாதிரிதான். நோவுன்னா வேற. சாவி கையில இருக்கும், அது எதுக்குன்னு தெரியாது. நடந்து பழகுன வழி தெரியாது. பழைய கதையெல்லாம் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க, காலையில சாப்பிட்டது நெனவிருக்காது. தனக்கு மறதின்னே அவங்களுக்குத் தெரியாது. எது கேட்டாலும் பக்கத்துல இருக்கறவங்க மொகத்தப் பாப்பாங்க."

"முதுமை முத்திப்போனா அந்த நோவு ஆயிடுமா?"

"டாக்டரே அதுல ஒரு முடிவுக்கு வரலம்மா. ரெண்டும் ஒரே ரோட்டுல இருக்குதா, வேற வேற ரோடான்னு பெரியவங்களுக்குள்ளயே பேச்சு. ஆனா எல்லாக் கெழவங்களும் அங்க போய்ச் சேர்றதில்ல. எண்பது வயசுலயும் தெளிவா இருக்கறவங்க எத்தன பேரு."

அவள் சொல்லச் சொல்ல, என் பயம் என்னை விட்டு விலகி என் வீட்டுக்காரர் மேல் போய் உட்கார்ந்தது. நுகத்தடிக் கயிறு, அஞ்செட்டி ரோடு, சந்தையில் என் முகத்தைப் பார்ப்பது. நான் இரண்டு வருஷமாகப் புடவைத் தலைப்பில் மூடி வைத்திருந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. டாக்டர் அந்தப் பெயரைத் தப்பான ஆளுக்கு எழுதியிருக்கிறார்.

நான் தப்ப வேண்டுமானால் அதைச் சரியான ஆளுக்கு எழுத வைக்க வேண்டும். அவருக்குத்தான் அது என்று டாக்டர் எழுதினால் அவர் போட்ட கையெழுத்து செல்லாது, நிலம் தங்கும், முனிரத்தினம் மூக்கு உடையும். ஆனால் எதைச் சாகிற வரைக்கும் ஊருக்குத் தெரியாமல் காப்பாற்ற நினைத்தேனோ அதை நானே நாலு பேர் முன்னால் திறந்து காட்ட வேண்டும். ஒரு பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மனசு இளகுகிறபோதெல்லாம் அந்த மன்மதன் வரியை நினைத்துக்கொண்டேன், திரும்ப இறுகிவிடும். சாயங்காலம் எஸ்தரிடம் ஒரு கார்டு வாங்கி லட்சுமிக்கு எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு வா, வெள்ளை வேட்டி கட்டிவிடு.

எஸ்தர் டாக்டரிடம் போய் எங்கள் வழக்கத்தைச் சொன்னாள். அவர் முழுசாக நம்பவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவன் பெயரைச் சொல்லாமல் ஒருத்தி இருப்பாளா என்று கேட்டாராம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து தானே மறுபடி கேட்பதாகவும், எஸ்தர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லட்சுமி அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். விஷயம் தெரிந்து முனிரத்தினமும் பின்னாலேயே வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியும் துண்டுமாக, ஒரு பெரிய மனுஷன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இங்கதான் இருக்கியா? ஊட்டுக்குப் போலாம் வா" என்றார். லட்சுமி அவருக்குத் துண்டைச் சரிசெய்துவிட்டாள்.

டாக்டர் வந்தார். வருஷம் கேட்டார். மன்மத வருஷம் என்றேன், இங்கிலீஷ் வருஷமும் சொன்னேன். மன்மத என்பது அறுபது வருஷத்தில் ஒன்றின் பெயர் என்று எஸ்தர் விளக்கியதும் டாக்டர் முகம் சிவந்தது. போன தடவை கேட்ட மூன்று பெயரையும் கேட்டார். "மணி, குதிரை, எலுமிச்சம்பழம்" என்றேன். எட்டு நாள் ஆகியிருந்தது. டாக்டர் முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு பெயர் விஷயம் வந்தது. "வாயால வேணாம், எழுதிக் காட்டுனா போதும்னு சொல்றாரும்மா" என்றாள் எஸ்தர். காகிதமும் பென்சிலும் நீட்டினாள்.

முனிரத்தினம் குறுக்கே வந்தான். "அண்ணி எழுதவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க சிஸ்டர். அவங்களுக்கு நெனவு இருந்தாத்தான?"

அவன் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்குப் பென்சில் தேவைப்படவில்லை. எழுந்து நின்றேன். அவனைப் பார்த்தபடியே, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"திம்மராயன்."

லட்சுமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனிரத்தினத்தின் முகம் செத்துவிட்டது. அதை நான் கண் நிறையப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் டாக்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தார். என் வீட்டுக்காரர், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லாததால், "யாரைங்க கூப்புடறீங்க?" என்று மரியாதையாக எஸ்தரைக் கேட்டார்.

டாக்டர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தார். எந்த வருஷம் என்று எஸ்தர் கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். உங்கள் ஊர் எது என்று கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவ கிட்ட கேளுங்க. அவ எல்லாம் சொல்லுவா" என்றார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்துவிட்டது. இரண்டு வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எஸ்தர் கேட்டபோது, லட்சுமியின் கை அவர் கைக்குள்தான் இருந்தது. அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சின்னக் குழந்தை மாதிரி கொஞ்சம் பயத்தோடு பார்த்தார், நான் ஏன் உதவவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முனிரத்தினத்தை நான் என்ன செய்தாலும் தகும். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் எனக்கு இன்னும் சமாதானம் கிடைக்கவில்லை.

டாக்டர் வெகுநேரம் அவரைச் சோதித்தார். பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்து ஏதோ சொன்னார். தப்பு செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்கிறார் என்றாள் எஸ்தர். அந்தப் பழைய காகிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கிழிக்கக் கூடாதாம். அதன் மேல் குறுக்கே கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். எனக்கு வயதுக்கேற்ற சாதாரண மறதிதான், புத்தி தெளிவாக இருக்கிறது, நினைவு பழுதில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷத்துக்கு மேலாக இருக்கிற நோய், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அறியும் நிலையில் அவர் இல்லை. இப்படி ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். இதற்கு மருந்து இல்லை, வழக்கமான வேலைகளைக் கூடவே இருந்து செய்ய வையுங்கள், வெளியில் கூட்டிப் போங்கள், அதட்டாதீர்கள் என்று வாயால் சொன்னார். எஸ்தர் அந்தக் கடிதத்தைத் தமிழிலும் எழுதித் தந்தாள். இன்னும் மூன்று நாள் ரத்தக் கொதிப்புக்காக வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஊரில் மணியக்காரர் வீட்டில் கூட்டம் கூடியது. தமிழ்க் காகிதத்தை மணியக்காரர் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் காகிதத்தை முனிரத்தினத்திடம் நீட்டினேன்.

"நீதான மொழிபெயர்க்கறதுல கெட்டிக்காரன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சுச் சொல்லு" என்றேன். "ஒரு வார்த்த கொறஞ்சாலும் மணியக்காரர் சொல்லிடுவாரு."

அவன் படித்தான். வரிக்கு வரி திக்கினான். "அண்ணிக்குப் புத்தி தெளிவா இருக்குது" என்கிற இடத்தில் குரல் எழும்பவில்லை, மணியக்காரர் "சத்தமா" என்றார். திரும்பவும் படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டிருப்பேன், லட்சுமி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஒப்பந்தத்தை மணியக்காரர் அங்கேயே கிழித்தார்.

அதோடு விட்டுவிட்டேனா? விடவில்லை. வெளியில் கூட்டிப் போவது அவருக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரல்லவா? ஒவ்வொரு சந்தை நாளும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் முனிரத்தினத்தின் புளி மண்டியில், வாடிக்கைக்காரர்கள் நடுவில் உட்கார வைப்பேன். இந்த நோயில் புதிது போகும், பழையது நிற்கும். அவருக்கு நின்றது, தம்பி சின்னப் பையனாக இருந்தபோது ராகிக் காட்டுக்கு யானை வந்த ஒரு சம்பவம். தம்பியைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்துவிடும். "நேத்து ராத்திரி ஆனை வந்துச்சு. பரண்ல இவனத் தப்பட்டை அடிக்கச் சொல்லி உட்டிருந்தோம். இவன் எறங்கி ஓடிட்டான். காடே போச்சு. நான்தான் அடிக்க மறந்துட்டன்னு சொல்லி அப்பன் கிட்ட அடி வாங்குனன்" என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்லுவார். புளி வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். முனிரத்தினம் தராசைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது. லட்சுமி என்னைத் திட்டினாள், நான் கேட்கவில்லை.

போன மாதம் முனிரத்தினம் அவனாகவே எங்கள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். வாசலில் நின்று, "நடந்தத மறந்துடுங்க அண்ணி" என்றான். கண் கலங்கியிருந்தது.

"மறக்க முடியாதுப்பா. என் நெனவு பழுதில்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கறாரு, நீதான் படிச்ச" என்றேன். "மன்னிப்பு வேணும்னா உங்கண்ணன் கிட்ட கேளு. அவருதான் எல்லாத்தையும் மறந்துட்டாரு."

அவன் உள்ளே போனான். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் அவர் காலடியில் குந்தி, "அண்ணா" என்றான். யானைக் கதை வரும் என்று நான் அடுப்படியில் காத்திருந்தேன். வரவில்லை.

அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "கீழ எதுக்குங்க, மேல உக்காருங்க" என்றார். "நீங்க எந்த ஊருங்க?"

முனிரத்தினம் அப்படியே குந்தியிருந்தான். அது யார் என்று நான் போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை. களியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.